உடையும் பாட்டும் உலையும்
முற்போக்குக் கிறிஸ்தவமும் நம் பிள்ளைகளும்

கோர்படியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற ஒரு சமணனுக்குக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இரண்டு. முதலாவது, ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி இந்தப் பக்கம் வந்து தங்கிய தமிழர்களில் கிறிஸ்தவர்கள் கணிசமானவர்கள். என் கடைக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேர் அவர்கள்தான். ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் என் வீட்டுக்கு வரும்; பொழுது சாய்ந்தால் நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து சூரியன் இருக்கும்போதே கொடுத்தனுப்புவார்கள். இரண்டாவது, எங்கள் சமணத்தில் 'அநேகாந்தம்' என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளுக்குப் பல முகம். எந்த முகத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வெளியில் நிற்கிறவனுக்கும் ஒரு முகம் தெரியும் அல்லவா?

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, சமய விஷயங்கள் புரியாமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். சைவர் கேட்டார், சமணர் சொன்னார்கள். 1887-ல் அந்த நூல் அச்சில் வந்தது. வேற்று மதத்தார் கேட்ட கேள்வியால் எங்கள் நூல் ஊரெங்கும் பரவியது. அந்தக் கடனில் ஒரு துளியாவது இந்தக் கட்டுரையில் தீரட்டும்.

கவலை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்

பெற்றோர்கள் என்னிடம் சொல்கிற குறை இது: "பையன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் கோயிலுக்கு வர்றான் அண்ணே. தமிழ் ஆராதனைன்னா பின் பெஞ்சுல உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிறான்." எங்கள் சமணக் குடும்பங்களிலும் இதே கதைதான். மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றிச் சொன்னால், புனேயில் பிறந்த பிள்ளை அது எந்த மாவட்டம் என்று கேட்கிறது. மார்வாடி, குஜராத்தி ஜைனர்களின் கோயிலுக்குப் போனால், தமிழ் பேசுகிற ஜைனர் உண்டா என்று அவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கிற பிள்ளை மெல்ல நழுவுகிறது.

இதற்கு மருந்தாகச் சிலர் 'முற்போக்குக் கிறிஸ்தவம்' என்ற வழியைச் சொல்கிறார்கள். வேறு சிலர் அதுதான் நோயே என்கிறார்கள். அது என்ன என்று முதலில் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

முற்போக்குக் கிறிஸ்தவம் என்று தனியாக ஒரு சபை கிடையாது. அது ஒரு போக்கு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்று எந்தச் சபைக்குள்ளும் அது இருக்கலாம். அடையாளங்கள் நான்கு எனலாம். ஒன்று, வேதத்தை அது எழுதப்பட்ட காலத்தையும் இடத்தையும் வைத்துப் படிப்பது. இரண்டு, மறுமைக்கு வழி சொல்வதோடு நிற்காமல் இந்த உலகத்து ஏழையின் நியாயத்தையும் கேட்பது. மூன்று, பெண்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சமமாக நடத்துவது. நான்கு, மற்ற மதத்தாரைப் பகைவராகப் பார்க்காமல் இருப்பது.

வேதத்தை வரலாற்றோடு வைத்துப் படிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் வால்டர் ரவுஷன்புஷ் என்ற பாப்டிஸ்ட் போதகர், நியூயார்க்கின் ஏழைப் பேட்டையில் வேலை செய்த அனுபவத்தைக் கொண்டு 1907-ல் எழுதிய நூல் 'சமூக நற்செய்தி' என்ற இயக்கத்துக்கு வலு சேர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் பல கதவுகளைத் திறந்தது. லத்தீனில் நடந்துவந்த பூசை அவரவர் தாய்மொழியில் நடக்க வழி பிறந்தது. 1971-ல் பெரு நாட்டு குருவானவர் குஸ்தாவோ குட்டியெரெஸ் விடுதலை இறையியலை நூலாக எழுதினார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் தமிழ் மண்ணில் 400 ஆண்டுகளாக இந்தச் சோதனை நடந்துவருகிறது. அதை உடை, பாட்டு, உலை என்று மூன்று படியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் படி: உடை

நகர் ரோடில் ராம்வாடி பக்கம் போகிறவர்கள் டி நோபிலி கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். சேசு சபையாரின் கல்லூரி. அந்தப் பெயருக்கு உரியவர் மதுரையில் வாழ்ந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இத்தாலியில் 1577-ல் பிறந்த ராபர்ட் டி நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, 'தத்துவ போதகர்' என்ற பெயரில் வாழ்ந்தார். கிறிஸ்தவனாக ஆவதற்கு ஐரோப்பியனைப் போல உடுத்தவும் உண்ணவும் வேண்டியதில்லை என்பது அவர் வாதம். கூட இருந்த பாதிரியார்களே அவரைக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-ல் போப்பாண்டவர் 15-ஆம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

பெரிய துணிச்சல்தான். ஆனால் அவர் சாதியை அப்படியே விட்டுவிட்டார். அது சமூக வழக்கம், மதத்தோடு சேராது என்று கருதினார். பின்னாளில் மேல்சாதியாருக்கு ஒரு வகைச் சந்நியாசி, மற்றவருக்குப் 'பண்டாரசாமி' என்று போதகர்களே இரு வகையானார்கள். உடை மாறியது, வரிசை மாறவில்லை.

இரண்டாம் படி: பாட்டு

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெயரைக் கேட்காத தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடு இருக்காது. சரபோஜி மன்னர் மதித்த கவிராயர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் நம் சபைகளில் ஒலிக்கின்றன. கிறிஸ்தவத்தைத் தமிழ் ராகத்தில் உட்கார வைத்ததில் அவருக்கு ஈடு சொல்வது கடினம்.

அவர் 1829-ல் இளைய மிஷனரிகளை எதிர்த்து எழுதிய புகார்களைப் படித்தால் நமக்கு இரண்டு மனமாகும். தமிழ்ப் பாட்டைக் கோயிலில் பாடவிடாமல் தடுக்கிறார்கள் என்பது ஒரு புகார். அதைக் கேட்டால், ஐயா சொல்வது சரி என்று கை தட்டுவோம். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரையும் சேர்ந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பது இன்னொரு புகார். தட்டின கை அப்படியே நின்றுவிடும். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே விலகினார்கள்.

ஆக, பாட்டு முழுக்கத் தமிழாகிவிட்டது. பந்தி ஒன்றாகவில்லை. இளைஞர்களைப் பிடிக்க கிட்டாரும் டிரம்ஸும் வாங்கினால் போதும் என்று நினைக்கிற இன்றைய சபைக் கமிட்டியார் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் படி: உலை

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969-ல் தொடங்கியது. போதகர்களுக்கான படிப்பைத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பது அதன் பெருமை. அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005). மாணவர்களுக்கு அவர் 'பறட்டை அண்ணன்'. தலித் கிறிஸ்தவர்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. நம் சபைகளில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அப்படியிருக்க, கோயிலில் ஏன் மேல்நாட்டுப் பாட்டும் கர்நாடக ராகமும் மட்டும் ஒலிக்க வேண்டும்? வயலில் நாற்று நடுகிறவர் பாடுகிற மெட்டு ஏன் உள்ளே வரக் கூடாது? நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் ஆராதனை முறையையே எழுதினார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், சங்கீதப் படிப்பு வேண்டாம், கேட்டவர் தன் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிப் பாடிக்கொள்ளலாம். ஆகவே ஏழையின் கையில் அது தங்கும் என்பது அவர் கணக்கு. ஜெபத்தில் கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார். அப்பா என்றும் கொள்ளலாம், அம்மா என்றும் கொள்ளலாம். ஒரே சொல்லில் பெண்களுக்கும் இடம் வந்துவிட்டது பாருங்கள்!

எதிர்ப்பு மேலிடத்திலிருந்து மட்டும் வரவில்லை. பறை என்றாலே சாவு வீட்டு வேலையும் பட்ட அவமானமும்தான் ஞாபகம் வருகிறது, அதை ஏன் கோயிலுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று தலித் பெரியவர்களே கேட்டதுண்டு. அவமானம் கருவியில் இல்லை, அதை அடிக்கச் சொல்லி ஒதுக்கி வைத்தவரிடம்தான் இருக்கிறது என்பது அண்ணனின் பக்கம்.

பாட்டோடு அவர் நின்றிருந்தால் இவரையும் இரண்டாம் படியிலேயே வைத்திருப்பேன். அவருடைய இறையியலின் நடுவில் இருப்பது 'ஒரு உலை' என்ற கருத்து. அவரவர் கையில் உள்ளதைப் போட்டு, ஒரே பானையில் சமைத்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. திருவிருந்து என்பதன் பொருள் இதுவே என்றார். துண்டு அப்பமும் துளி ரசமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம் ஆவது எப்படி என்பதுதான் அதில் அடங்கிய கேள்வி. 40 வருஷமாகப் பாத்திரம் விற்கிறேன். பானையின் அளவு பெரிதாகும்போது வாங்க வருகிறவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்: வீட்டில் விசேஷம், ஆட்கள் வரப்போகிறார்கள். அண்ணன் சொன்ன சபை அப்படிப்பட்ட பெரிய பானை.

இதற்கும் நம் மராட்டிய மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. தலித் இறையியலுக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் அரவிந்த் பி. நிர்மல் மகாராஷ்டிரத்துக்காரர். 1981-ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்குவார்கள். பிறகு சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அந்தத் துறையை நடத்தினார். மதுரைக்காரர் பெயரில் புனேயில் ஒரு கல்லூரி. மராட்டியர் கொண்டுவந்த சிந்தனைக்குச் சென்னையில் ஒரு துறை. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது!

பிள்ளைகள் கேட்கிற கேள்வி

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், தாத்தாவின் நினைவு நாளுக்குச் சொந்த ஊர் போய் வந்தாள். கடைக்கு வந்தவள் கேட்டாள்: "நயினார் தாத்தா, எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அவங்களுக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கமாம். செத்த பிறகும் அப்படித்தானா? அப்பாகிட்ட கேட்டா, அதெல்லாம் உனக்கு எதுக்குங்கறார்." அவளுக்குக் கோயிலில் இசை பிடிக்கவில்லை என்பது குறையில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

அவள் ஊர் மட்டும் அப்படி இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இந்தச் செய்திகளை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குறையை ஒப்புக்கொண்ட திருச்சபை என்று கேட்டதும் அவளுக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் நந்தியாலில் புஷ்ப லலிதா அதன் முதல் பெண் பேராயர் ஆனார். கத்தோலிக்கத்தில் இன்றும் பெண் குரு இல்லை. எங்கள் பழைய தமிழ்ச் சமணத்தில் 'குரத்தியர்' என்ற பெண் ஆசிரியர்கள் இருந்ததைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகளும் சமணத் துறவிதான். ஆனாலும் எங்கள் திகம்பரர் மதத்தில், பெண் பிறவியிலிருந்தே மோட்சம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சாஸ்திரம் சொல்கிறது. என் பேத்தி அதைக் கேட்கும்போது வாயை அடைக்காமல், ஸ்வேதாம்பரர் உண்டு என்கிறார்கள், நீயே யோசி என்கிறேன். அவள் யோசிக்கிறாள். யோசிக்கிறவரை நம்மோடு இருக்கிறாள்.

எதிர்ப்பக்கத்து வாதம்

முற்போக்கை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அதுதானே அநேகாந்தம். அமெரிக்காவில் தாராளப் போக்குள்ள பழம்பெரும் புராட்டஸ்டன்ட் சபைகள்தான் வேகமாகத் தேய்கின்றன என்கிறார்கள். உண்மை. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அங்கே பெரியவர்களில் அந்தச் சபையார் 2007-ல் சுமார் 18 சதவீதம், 2014-ல் 15-க்குக் கொஞ்சம் குறைவு, 2023-24-ல் 11. கண்டிப்பான இவாஞ்சலிக்கல் சபையாரோ இதே காலத்தில் 26-லிருந்து 23-க்குத்தான் இறங்கினார்கள். எந்த மதமும் சாராதவர் 16-லிருந்து 29 ஆனார்கள்.

இந்தக் கணக்கை மறைத்துவிட்டு முற்போக்கை மட்டும் புகழ்வது நேர்மையான வியாபாரம் ஆகாது. இதிலிருந்து நான் படிக்கிற பாடம்: கேள்விக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதாது, கடமையும் கொடுக்க வேண்டும். ஜெபம் கட்டாயமில்லை, நோன்பு கட்டாயமில்லை, வந்தால் வா, வராவிட்டால் போ என்று ஒவ்வொன்றாகத் தளர்த்துவது தள்ளுபடி விற்பனை மாதிரி. ஆடித் தள்ளுபடிக்கு வருகிற கூட்டம் ஆவணியில் வராது. எங்கள் பிள்ளைகளில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர்கள்தான் மதத்தையும் பிடித்திருக்கிறார்கள். சுமை கொஞ்சம் இருந்தால்தான் தோள் பழகும். அரசரடிக் கல்லூரி தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்கள் நடுவில் தங்கிப் படிக்க அனுப்பியதும் இந்தக் கடமையைப் பழக்கத்தான்.

இரண்டும் கொடுத்தாலும் எல்லாரும் தங்கிவிடுவார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. நம் புனேயிலேயே சாட்சி இருக்கிறது. ஜாக் வின்ஸ்லோ என்ற ஆங்கிலப் பாதிரியார் 1920-களில் தொடங்கிய கிறிஸ்த சேவா சங்கத்தில், இந்திய முறையில் ஆசிரம வாழ்க்கை நடந்தது. 1927-ல் அதில் சேர்ந்த இளைஞர் வெரியர் எல்வின், காந்தியடிகளால் ஈர்க்கப்பட்டு, பழங்குடி மக்களிடம் வேலைக்குப் போய், 1930-களில் திருச்சபையை விட்டே விலகினார். ஆனால் ஏழைக்கு ஊழியம் என்று இங்கே கற்றதை ஆயுள் முழுவதும் விடவில்லை. அப்படி ஒரு பிள்ளை விலகினாலும், நாம் தோற்றதாக நான் கொள்ளமாட்டேன்.

நாம் செய்யக்கூடியது

வெளியூரில் வாழ்கிற நமக்கு இன்னொரு சிக்கல் மொழி. புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் படிப்பது 1871-ஆம் வருஷத்து மொழிபெயர்ப்பு. 'ஸ்தோத்திரம்', 'பரிசுத்த ஆவி' என்று வடமொழி நிறைந்த தமிழ். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'தூய ஆவி' என்று எளிய தமிழில் பேசுகிறது. பெரியவர்களுக்குப் பழையது காதில் இனிக்கிறது. அதைப் பிடுங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் புதியதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளை ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதி வைத்துப் பாடினால் திட்டாதீர்கள். அது ஏணி. ஏறின பிறகு எடுத்துவிடலாம். இந்தப் பக்கத்து நாராயண் வாமன் திலக் (1861-1919) கிறிஸ்துவை மராட்டிய அபங்க நடையில் பாடினார். மராட்டிப் பள்ளியில் படிக்கிற நம் பிள்ளைக்கு அதுவும் அந்நியம் இல்லை.

கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து படியுங்கள். சபை விருந்தில் பரிமாறுகிற வேலையையும் கணக்கு எழுதுகிற வேலையையும் இளைஞர் கையில் கொடுங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிற பையன் கையில் கரண்டியைக் கொடுத்தால் செல்போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசக்கும். நம் முற்போக்குக்கு உண்மையான பரீட்சை கல்யாணப் பேச்சு. தமிழ்ப் பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரத்தில், சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. 'ஒரே குடும்பம்' என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, திங்கட்கிழமை 'நம்மவங்களா?' என்று விசாரிக்கிறோம். கிறிஸ்தவர் மட்டுமா, எங்கள் ஆட்களும்தான், இந்தச் சங்கத்தில் உள்ள எல்லாரும்தான். பிள்ளைகளுக்குக் கண் கூர்மை. பாட்டைக் கேட்டு அவர்கள் முடிவு செய்வதில்லை. வீட்டில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள்.

காலம் மாறும்போது பழையது போய்ப் புதியது வருவது பிழையாகாது என்று நன்னூலில் இலக்கணத்துக்கு விதி சொன்னார் எங்கள் பவணந்தி முனிவர். அவரே எல்லாவற்றையும் கழிக்கச் சொல்லவில்லை. இலக்கணத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. உடையை மாற்றினோம், பாட்டை மாற்றினோம். மிச்சம் இருப்பது உலை. இந்த வருஷம் சங்கத்துப் பொங்கலுக்குப் பெரிய பானை என் கடையிலிருந்து வரும். அரிசி எல்லா வீட்டிலிருந்தும் வரட்டும். கிளறுகிற வேலை பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காகப் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுங்கள், அது போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!